கண்ணகையின் பன்னிரண்டு தாள்கள்

கோப்பில் ஐந்து தாள்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

கூரையில் ஒழுக்கில்லை, மேசையில் தண்ணீர்ப் போத்தலும் இல்லை. ஆனாலும் கண்ணகையின் எட்டாம் வாரத்துத் தாள் முதல் பன்னிரண்டாம் வாரத்துத் தாள் வரை நுஸ்ராவின் விரலில் குளிர்ந்து ஒட்டின. வற்றிய வாவிக்கரையின் சேற்று மணம் அடித்தது. முதல் ஏழும் நன்றாகக் காய்ந்திருந்தன. அந்த ஏழுக்கும்தான் அவள் கண்ணகையின் ஊரான மண்டூருக்குப் போன் கோல் எடுத்துக் கேட்டிருந்தாள்.

புற்றுநோயாளருக்கான வலி மாத்திரை பற்றிய பல்கலைக்கழக ஆய்வொன்றில் நுஸ்ரா உதவியாளர். வெள்ளிதோறும் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி, கண்ணகை உட்பட முப்பது நோயாளரிடமும் போனில் கேட்டு எழுத வேண்டும்: பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை, நித்திரை எப்படி. கண்ணகை வாராவாரம் வலி இரண்டு, நல்ல நித்திரை என்றே சொன்னதால், எட்டாம் வாரத்திலிருந்து நுஸ்ரா கேட்காமலே எழுதிவிட்டாள். வேலை கூடிப்போச்சு என்று தனக்கே சாக்கும் சொன்னாள். அந்த மனிசி ஏழாம் வாரக் கோலுக்கு அடுத்த நாளே காலமாகிவிட்டாள் என்று கிளினிக் தாதி சொன்னது நேற்றுத்தான்.

செத்தவளுக்கு ஐந்து வாரம் நல்ல நித்திரை. நினைக்கவே நுஸ்ராவுக்கு முகம் எரிந்தது. அதைவிடக் கேவலம், ஆள் குறைந்தால் ஆய்வு படுத்துவிடும் என்று அந்தத் தாள்களை அப்படியே அனுப்ப இன்று வந்திருந்ததுதான்.

ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர்கள் அப்படியே வீட்டுக்குப் போயிருந்தார்கள். நடைவழி வெறிச்சென்று கிடந்தது. ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டி உறுமி உறுமி அடங்க, சுவர் மணிக்கூடும், தாளின் ஓரத்திலிருந்து நிலத்தில் சொட்டும் நீரும் மாறி மாறிக் கேட்டன. நாலுக்கு இரண்டு நிமிடம். பொறுக்க முடியாமல் அவள் போனை எடுத்தாள். கண்ணகையின் புருசன் கோணாமலையிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

முதல் மணியிலேயே எடுத்தார். அவள் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கோபப்படவில்லை.

"மிஸ்ஸுக்குக் கவலையா இருக்குமெண்டுதான் ரெண்டு ரெண்டு எண்டு சொன்னவ," என்றார். "ராவெல்லாம் கத்துவா."

நுஸ்ரா காய்ந்த ஏழு தாள்களையும் புரட்டினாள்; எல்லாவற்றிலும் இரண்டு.

"வாவிக்கரையில குழி வெட்டித் தாட்டது நான்தான் மிஸ். ஆனா வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து போன் பக்கத்தில குந்தியிருக்கா. அஞ்சு வெள்ளியும் பார்த்தா. நீங்க எடுக்கல்ல."

மணிக்கூட்டில் நாலு.

"இந்தா, அவக்கிட்டக் குடுக்கன்."

போன் கைமாறியது. ஈரமான மூச்சு. அது காத்திருந்தது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். கேட்டாள்.

"வலி... எத்தனை?"

"ஒண்டு," என்றது கண்ணகையின் குரல். "ரெண்டு. மூண்டு."

நுஸ்ராவின் கை பேனையை எடுத்திருந்தது. குரல் எண்ண எண்ண, ஈரத்தாளில் எழுதியது. எட்டு. ஒன்பது. பத்து.

அதற்கு மேல் கட்டம் இல்லை.

"பதினொண்டு."

கை நிற்கவில்லை. தாள் முடிந்தது. மேசையில் எழுதியது.

"பன்னிரெண்டு."

மேசை முடிந்தது. பேனை அவளது மற்றக் கையின் தோலில் இறங்கியது.

"பதிமூண்டு," என்றது குரல், ஆறுதலாக.