ரெஜினாவின் முழங்கால் வலி

"எப்படி இருப்பாங்க அந்த அம்மா?" என்று கோதை ஒருமுறை கணவனிடம் கேட்டிருந்தாள்.

"நான் எங்க பாத்தேன்? ஆனா இப்ப அவங்களுக்குப் பசிக்குது," என்றான் திருமாறன்.

"எனக்கும்தான் பசிக்குது."

"அப்ப சாப்பிட வேண்டியதுதானே?"

இரண்டு வருடம் ஆகியும் அந்தப் பேச்சு கோதையின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. விழா மண்டபத்தில் வரிசையில் நிற்கும்போதும் உறுத்தியது.

செவ்வாய்க் கிரகத்தின் தென்பள்ளமும் வடமுனையும் தண்ணீருக்காக அடித்துக்கொண்ட குடியிருப்புகள். அடுத்த போரைத் தடுத்தது உணர்மணி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மிளகளவு கருவி. இங்கே ஒருவருக்கு அங்கே ஒருவர் இணை; ஒருவர் உணர்வது மற்றவருக்கும் உறைக்கும். குழாயை அடைத்தால் அடைத்தவன் நாக்கே வறளும்போது யார் அடைப்பார்கள்? சொந்த ஊருக்குள் இணை கிடையாது. கணவன் மனைவிக்குள் கூடவே கூடாது. இல்லாவிட்டால் மறுபடியும் நம்மவர், அடுத்தவர் என்று ஆகிவிடும் என்றது சட்டம்.

இன்று இரண்டு ஊரும் ஒரே நாடாகின்றன. குடிமக்கள் எல்லோரும் மணியைத் தோலுக்கடியில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு கழற்ற முடியாது. ஒருவர் மறுத்தாலும் ஒப்பந்தம் செல்லாது.

திருமாறனின் இணை ரெஜினா, வடமுனையில் பனிக்கட்டி வெட்டுபவள். ஒரு மாலை அவன் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து பரிவோடு கோதையின் முழங்காலில் வைத்தான். அவள் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அவன் உணர்ந்த வலி ரெஜினாவுடையது; மனைவியுடையது என்று எண்ணிவிட்டான். அன்று கோதை பையைத் தட்டிவிடவில்லை. அப்படியாவது அவன் கை பட்டதே என்று வாங்கிக்கொண்டாள். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

ரெஜினா கணவன் சவரியோடு நொண்டியபடி வந்தாள். குளிரில் வெடித்த கன்னங்கள், அகன்ற உடம்பு. இவளையா இத்தனை நாள் பேரழகியாகக் கற்பனை செய்தோம் என்று கோதைக்குத் தோன்றியது. ஆனால் யாரும் சொல்லாமலே திருமாறன் ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தபோது அந்த ஆறுதலும் கரைந்தது.

"நீங்கதான் கோதையா?" ரெஜினா உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல உங்களுக்கு என்ன ஆகுது?"

"ஏன் கேக்கறீங்க?"

"இவருக்கு இணை நீங்கதானே. தட்டு முன்னாடி உக்காந்தாலே இவருக்கு எரிச்சல் வந்துடும். யாரை நெனச்சுட்டு இருக்கேன்னு என்னையப் புடிச்சுக்குவாரு. அது தன்னோட சந்தேகம்னே நெனச்சுட்டாரு மனுஷன். நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டு ரெண்டு வருஷமாச்சு."

கோதையின் முகம் சிவந்தது. அதே கணம் சவரியின் முகமும் சிவந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் பொத்திவைத்த பொறாமை, தண்ணீர்கூடப் போகாத எல்லையைத் தாண்டிப் போய் இன்னொரு வீட்டில் குடியேறியிருந்தது.

"மன்னிச்சுடுங்கம்மா," என்றார் சவரி. யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது அவருக்கே தெரியவில்லை.

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் நீர் வருமுன் திருமாறனின் கண் நிறைந்தது. அவன் நாற்காலி அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அழாதீங்க ரெஜினா. எனக்குத் தாங்கல."

அவன் முதுகு கோதையின் பக்கம் இருந்தது.

"திருமாறன், ரெஜினா, உள்ள வாங்க," என்று மணி பதிக்கும் அறையிலிருந்து அதிகாரி அழைத்தார். மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. அவன் எழுந்து நடந்தான். கோதை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கைதட்டல் நின்றது.

"என்ன கோதை? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்," என்றாள். "நாடு அடுத்த மாசம் பொறக்கட்டும். அந்த மணியைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, எனக்கு எங்க வலிக்குதுன்னு ஒரு தடவை வாயால கேளுங்க."