சிவப்புத் துணி

போன் அலறியது.

காலை ஏழரை. விடுதி அறையில் ஈரத் தலையோடு எடுத்தாள். "பாப்பா... அப்பா..." என்ற சித்தப்பாவின் குரல் அதற்கு மேல் நகரவில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது, கொல்லையில் வெள்ளைத் துணி போர்த்திய உடல். பக்கத்தில் வெந்நீர் போடும் மண்ணெண்ணெய் ஸ்டவ்... கருகி, வாய் பிளந்து.

அப்பா மெஷின் வைத்துப் புல் வெட்டுகிறவர். மெஷினுக்குப் பெட்ரோல், ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய். இரண்டும் ஷெட்டில்தான் இருக்கும்.

"ஸ்டவ்வுல இருந்தது பெட்ரோல்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் விரல் சித்தப்பா பக்கம் நீண்டது.

"இவர்தான் மாத்தி வெச்சிருக்காரு. மெஷினைக் கேட்டு நேத்து அப்பாகூட சண்டை. அப்பாதான் போன்ல சொன்னாரு."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஷெட்டிலிருந்து இரண்டு கேன்களைத் தூக்கி வந்தார். ஒரே அளவு, ஒரே சிவப்பு. போன ஞாயிறு அவள் வாங்கி வந்தவை. தண்ணீர் கேனில் பெட்ரோல் வைப்பதா என்று அப்பாவுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தாள். பழைய கேன்களையும், ஒன்றின் கழுத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியையும் குப்பையில் எறிந்தாள். புதியவற்றில் கொட்டை எழுத்தில் லேபிள் ஒட்டினாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டின் மூடியையும் திறந்து முகர்ந்தார்.

"யாரும் மாத்தலைம்மா. பெட்ரோல்னு எழுதினதுல பெட்ரோல்தான் இருக்கு. படிச்சுப் பாத்தே ஊத்தினாருன்னா... தற்கொலையா?"

அந்த வார்த்தைதான் சித்தப்பாவை நிமிர வைத்தது.

"இல்லீங்க சார். அண்ணனுக்கு எழுத்து தெரியாது."

"பொய். தினம் பேப்பர் படிப்பாரு."

"படம் பாப்பாரு பாப்பா. அதுவும் உன் முன்னாடி மட்டும். கையெழுத்து போடுவாரு, அவ்வளவுதான். துணி கட்டினது பெட்ரோல்... அதுதான் அவருக்கு அடையாளம். சண்டைக்கப்புறம் மெஷினைக் குடுத்துட்டாரு, அதுக்கு நேத்து பெட்ரோல் ஊத்தினது நான். ஸ்டவ் இன்னிக்குத்தான் காலியாச்சு. நாலு நாளா சளி வேற, வாடை தெரிஞ்சிருக்காது."

அவள் லேபிளைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே..."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இத்தனை வருஷம் நடிச்சாரு. அந்த லேபிளைக் காட்டி, 'எம் பொண்ணு எழுதினது'ன்னு தெரு பூரா பீத்திக்கிட்டாரு."

வீட்டின் முதல் பட்டதாரி அவள். கெமிஸ்ட்ரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

விட்டுப்போன அந்த இரண்டு மார்க்கும் எதிரே உட்கார்ந்திருந்தன... சிவப்பாக, லேபிளோடு.