மந்திரிக்கு ஒரு கூவல்!

ட்ரிங்... ட்ரிங்...!

அறுநூறு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின.

இன்ஸ்பெக்டர் ஷீபாவுக்கு மானமே போய்விட்டது. போனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே ஓடினாள். மேடையில் மந்திரி மைக் முன்னால் நின்றிருந்தார்.

"சொல்லு நௌஷாத்!" என்றாள் கான்ஸ்டபிளிடம்.

"மேடம்... எதிர்ல விழா ஆபீஸ்ல கொலை! பிரபாகரப் பணிக்கர் சார்!"

மணி ஒன்பது இருபத்திரண்டு.

திருவனந்தபுரம் திரைப்பட விழாவின் ஐந்தாம் நாள். படம் பார்க்கவே லீவு போடுகிற ஊர். படம் தாமதமானால் எதிர்ப்பைக் காட்ட 'ஊ'வென்று கூவுவார்கள். மந்திரி மேடை ஏறினால் கண்டிப்பாகக் கூவுவார்கள். அதற்காகவே காதில் வைக்கப் பஞ்சு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஷீபா பந்தோபஸ்துக்கு வந்திருந்தாள்.

ரோட்டைத் தாண்டி ஆபீஸுக்குள் நுழைந்தாள்.

தேர்வுக் குழுத் தலைவர் பணிக்கர் மேஜை மீது கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் தொடக்க விழாக் குத்துவிளக்கு. தரையெல்லாம் எண்ணெய்.

அவர் கையில், கழுத்தில் மாட்டும் ஒரு விழா டேக்.

பெயர்: துஷாரா.

"ஒன்பது பத்துக்கு டீ வச்சேன் மேடம். நல்லாப் பேசினார்..." ஆபீஸ் பெண் அழுதாள். "இருபதுக்கு கிளாஸ் எடுக்க வந்தா... இப்படி!"

பத்தே நிமிடம்!

மறுபடி போன். மேலதிகாரி.

"நேத்து 'உங்களைக் கொல்லணும்'னு கத்தினாளே, அந்தப் பொண்ணைத் தூக்கு! மந்திரி ஊரை விட்டுக் கிளம்புறதுக்குள்ள கேஸ் முடியணும்!"

"விசாரிக்க வேண்டாமா சார்?"

"டேக் கிடைச்சாச்சு. அப்புறம் என்ன விசாரணை?"

டொக்!

ஷீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணம் சூடு ஆறவில்லை, அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்!

வெளியே வரிசையில் நின்ற துஷாராவை நௌஷாத் அழைத்து வந்தான். இருபத்தாறு வயது. கலைந்த முடி. பணிக்கரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பது பத்துக்கு எங்க இருந்தே?"

"தியேட்டர் வாசல்ல. டேக் இல்லன்னு உள்ள விடல. நேத்து ஓப்பன் ஃபோரம் விவாதக் கூட்டத்துல, தள்ளுமுள்ளுல தொலைஞ்சுது."

"அங்கதானே இவரைக் கொல்லணும்னு கத்தினே?"

"கத்தினேன்! என் கதையைத் திருடி எடுத்த படத்தைப் போட்டியில சேர்த்தா, கத்தாம கும்பிடுவாங்களா?"

"யார் திருடினது?"

"திவாகரன் உண்ணித்தான்! படிச்சுச் சொல்லுங்க சேட்டான்னு குடுத்தேன். படமாவே எடுத்துட்டார்!" அவள் பணிக்கரைக் கை காட்டினாள். "பணிக்கர் சார் நேத்து போன் பண்ணினார் மேடம். 'ரெண்டையும் படிச்சேன் மோளே, கதை உன்னுதுதான். நாளைக்கு ஃபோரத்துல நானே எழுந்து சொல்றேன்'னார். எனக்காகப் பேச இருந்த ஒரே மனுஷர்... அவரையா நான் கொல்லுவேன்?"

"அடிப் பாவி!"

வாசலில் இடிக்குரல். கசங்காத ஜிப்பா, தோளில் துணிப்பை. சாட்சாத் திவாகரன் உண்ணித்தான்! இருபத்தைந்து வருடமாக எந்த விழாவிலும் முதல் கூவல் இவருடையதுதான். அதனால் ஊரே வைத்த பெயர், கூவல் உண்ணித்தான்.

"மேடம், இவளை விடாதீங்க! நேத்து ஊரே கேட்டுச்சு!"

"நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"தியேட்டர்ல! ஒன்பது மணிக்கே டேக் காட்டி உள்ள போனேன். மெஷின்ல பதிவாகியிருக்கும், பாருங்க."

"மந்திரி வந்தாரே?"

"வந்தார்! விடுவேனா? நான் ஆரம்பிச்சேன், மொத்தத் தியேட்டரும் கூவிச்சு! கால் மணி நேரம்! மனுஷன் வாயே திறக்கல!"

"அப்புறம்?"

"படம் பிடிக்கல. எழுந்து வந்தேன். வெளிய விஷயம் கேள்விப்பட்டேன்."

துஷாரா தலையைத் தொங்கப் போட்டாள். அறுநூறு சாட்சிகளோடு நிற்கிறவரை இனி யார் தொடுவது?

ஷீபா அவரை நெருங்கினாள்.

"மந்திரி வாயே திறக்கல... அது நிஜம்தான் சார்."

"பாத்தீங்களா!"

"ஆனா இன்னிக்கு யாரும் கூவல."

உண்ணித்தான் முகம் வெளுத்தது.

"இன்னிக்குப் படத்தோட டைரக்டரம்மாவை அவங்க நாட்டுல வெளிய விடல. மேடையில காலி நாற்காலி போட்டு அந்தம்மா லெட்டரைப் படிச்சாங்க. உடனே ஒருத்தர் எழுந்து, 'கூவினா டிவியில அதை மட்டும்தான் காட்டுவாங்க, இந்த லெட்டர் மறைஞ்சு போயிடும். இன்னிக்கு மௌனம்'னார். அறுநூறு பேரும் வாயைப் பொத்திட்டு எழுந்து நின்னாங்க. மந்திரி பேச ஆரம்பிக்கவே முடியல. என் போன் அடிச்சப்போ அத்தனை பேருக்கும் கேட்டுச்சுடா! நீ கூவியிருந்தா எப்படிக் கேக்கும்?"

"நான்... நான் பின்னாடி..."

"டேக்கைக் காட்டிட்டு டாய்லெட் பக்கக் கதவு வழியா இங்க வந்துட்டே! நௌஷாத், அந்தப் பையில என்ன கறைன்னு பாரு!"

"பை அடியெல்லாம் எண்ணெய் மேடம்! விளக்கெண்ணெய் வாசனை... இல்ல, நல்லெண்ணெய்! குத்துவிளக்குல இருந்ததேதான்!"

உண்ணித்தான் வெறி பிடித்தவராகக் கத்தினார்.

"ஆமா! இருபத்தஞ்சு வருஷம் மத்தவன் படத்துக்கு வரிசையில நின்னேன்! முதல் தடவையா என் படம் போட்டியில! அதை ஒரு சின்னப் பொண்ணுக்காகக் கெடுக்கறேன்னான் இந்தப் பணிக்கர்!"

துஷாரா பாய்ந்துபோய் அவர் ஜிப்பாவைப் பிடித்தாள்.

"கதையையும் திருடினே! அதைச் சொல்ல வந்தவரையும் கொன்னுட்டு, நேத்து தள்ளுமுள்ளுல எடுத்த என் டேக்கை அவர் கையில சொருகினியா? நீ மனுஷனாடா!"

ஷீபா தடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் பிரித்துவிட்டாள்.

விலங்கோடு உண்ணித்தானை வெளியே கொண்டுவந்தபோது அடுத்த படத்துக்கான வரிசை ரோடு வரை நீண்டிருந்தது. விஷயம் காதுக்குக் காது ஓடியது.

"ஊ...!"

எங்கிருந்தோ ஒரு குரல். அடுத்த நொடி மொத்த வரிசையும்!

"ஊ...ஊ...ஊ...ஊ!"

உண்ணித்தான் ஜீப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

ஷீபா பையிலிருந்து பஞ்சை எடுத்து நீட்டினாள்.

"வச்சுக்கோங்க சேட்டா. மந்திரிக்காக வாங்கினது... வேஸ்ட் ஆகக் கூடாதுல்ல!"