பாதி நட்சத்திரம் பதித்த வீடு

அளவு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது உலகத்திலேயே எளிதான வேலை. நுனியைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். "ஜீரோ" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதைக் கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை லமீஸிடம் நிறையவே இருந்தது.

அவளுக்கு மூக்கு அரித்தது. ஒரு கணம்தான் கையை எடுத்தாள்.

இரும்பு டேப் சர்ரென்று பாம்பு போலத் துள்ளிக்கொண்டு அம்மாவின் கையிலிருந்த டப்பாவை நோக்கி ஓடியது. போகிற போக்கில் நடுவில் இருந்த தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் ஒரு தட்டு. குடம் சற்று யோசித்தது. பிறகு சாய்ந்தது.

"லமீஸ்," என்றாள் அம்மா. கத்தவில்லை. அம்மா கத்தாமல் பெயரைச் சொன்னால் அது கத்துவதைவிட மோசம்.

"மூக்கும்மா."

"மூக்கு எங்கயும் ஓடிப் போவாது. டேப்பு ஓடும். எத எப்பப் பிடிக்கணும்னு தெரிய வேணாமா?"

லமீஸுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கு விடுமுறை. அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் நோணாங்குப்பத்தில் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அம்மாவின் ஸ்கூட்டரில் லாஸ்பேட்டையிலிருந்து வந்து இந்தப் பழைய பங்களாவில் டேப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஜஹபர் நிஷாவுக்கு அதுதான் தொழில். பழைய வீடுகளை மூலை மூலையாக அளந்து, எந்தத் தூண் எங்கே நிற்கிறது, எந்தச் சுவர் எப்போது எழும்பியது என்று படம் வரைந்து பதிவு செய்து வைப்பாள்.

இந்த வீட்டுக்கு மட்டும் அவசரம் அதிகம். கூடத்தின் மேலே போகும் தேக்கு உத்தரம் நடுவில் தொய்ந்துவிட்டது. ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்து அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பழைய வீடுகளைக் காப்பாற்றும் குழு ஒன்று அதைப் பழுது பார்த்துத் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் முழு வரைபடமும் உத்தரத்தின் முழு நீளமும் இன்று மாலைக்குள் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இந்த வீடு சவுக்குக் கட்டையை நம்பித்தான் இந்த மழைக்காலத்தைக் கடக்க வேண்டும்.

வெளியே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. போதாததற்கு மின்சாரமும் போயிருந்தது. மரச் சட்டங்கள் வைத்த உயரமான ஜன்னல்கள் வழியாக வந்த வெளிச்சம், வரலாமா வேண்டாமா என்று தயங்கியபடி தரையில் கிடந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் அன்பழகன் ஓடி வந்தார். தலை நரைத்த, ஒல்லியான மனிதர்.

"தண்ணியா கொட்டிச்சு? மேடம், இந்தக் கூடத்துல நான் தண்ணி ஊத்தவே விடுறதில்ல. துணி வச்சித் துடைக்கிறதோட சரி."

"ஏன் சார்?" என்று கேட்டாள் லமீஸ்.

"அது அப்படித்தான் பாப்பா."

கொட்டிய தண்ணீரோ யாரையும் கேட்கவில்லை. போக வேண்டிய இடம் தெரிந்தது போல நேராகச் சுவரை நோக்கி ஓடியது. அங்கே இருந்த பெரிய அலமாரிக்கு அடியில் நுழைந்தது. காணாமல் போனது. அலமாரிக்கு அடியில் யாரோ வாய் வைத்துக் குடித்துவிட்டது போல இருந்தது.

"சார், உத்தரம் இந்தச் சுவத்துக்குள்ள போயி மறைஞ்சிடுது," என்றாள் அம்மா. "சுவத்துக்கு அந்தப் பக்கம் இன்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம். சுவருதான்."

"சுவத்துக்கு அந்தப் பக்கமும் சுவரா?" என்றாள் லமீஸ்.

"பழைய வீடு பாப்பா. சுவரு நிறைய இருக்கும்." அவர் சட்டென்று திரும்பினார். "நான் போயி டீ வாங்கிட்டு வந்துடுறேன்."

அவர் போனதும் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பின் தெருவுல ஒரு கதவு இருக்கு. போன வாரம் போயித் தட்டினேன். யாரும் திறக்கல. சுவரோட வீடு முடிஞ்சுதுன்னு நான் வரைஞ்சி அனுப்பினா, உத்தரம் அரையோட நிக்கும். அர உத்தரத்த யாரும் தொட மாட்டாங்க." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மழை வர்றதுக்குள்ள முன்னாடி தூணுங்கள அளந்துட்டு வந்துடுறேன். நீ இந்த ஈரத்தத் துடை. இதையாவது கொட்டாமச் செய்."

துடைப்பதை எப்படிக் கொட்ட முடியும் என்று கேட்க நினைத்தாள் லமீஸ். தன்னால் முடியும் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

அம்மா போனதும் கூடம் இன்னும் பெரிதாகிவிட்டது. லமீஸ் துணியைப் பிழிந்தாள். அந்தச் சொட்டுச் சத்தம்கூட எங்கோ போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

அப்போதுதான் அது கேட்டது.

சரக். சரக். சரக்.

சுவருக்குள்ளிருந்து.

லமீஸ் அசையாமல் உட்கார்ந்தாள். சத்தம் நின்றது. துணியைத் தரையில் வைத்தாள். மறுபடியும் சரக், சரக். யாரோ ஈரத்தைப் பெருக்கித் தள்ளுகிற சத்தம்.

டம்ளர் எடுக்க மறந்துபோன அன்பழகன் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"சார், சுவத்துல சத்தம் வருது."

"எலி பாப்பா."

"எலி தண்ணியப் பெருக்குமா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். "காத்தா இருக்கும்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். காற்று கையில் துடைப்பம் எடுக்குமா என்று கேட்பதற்குள் அவர் தெருவில் இருந்தார்.

ஓடிவிடலாம் என்றுதான் லமீஸுக்குத் தோன்றியது. கால்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய கால்கள் எப்போதும் அப்படித்தான். ஓட்டப்பந்தயத்திலும் இதே குணம். வேறு வழியில்லாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்ததில்தான் அந்த நட்சத்திரம் கண்ணில் பட்டது.

சிவப்புக் கல்லும் கறுப்புக் கல்லும் பதித்த பெரிய நட்சத்திரம். கூடத்தின் நடுவில் இருக்க வேண்டியது. ஆனால் அது சுவரோரம் இருந்தது. அதுவும் பாதிதான் இருந்தது. மீதி நட்சத்திரம் சுவருக்கு அடியில் போய்விட்டிருந்தது.

எந்தக் கொத்தனாரும் பாதி நட்சத்திரம் பதிக்க மாட்டார். அப்படியானால் முதலில் வந்தது நட்சத்திரம். பிறகு வந்ததுதான் சுவர். ரொட்டியை நடுவில் அறுப்பது போல இந்த வீட்டை யாரோ இரண்டாக அறுத்திருக்கிறார்கள்.

அவள் தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தாள். உத்தரம் மட்டும் அறுபடாமல் அந்தப் பக்கமும் போயிருந்தது. சுவருக்குள் இருப்பது எலியோ, காற்றோ, வேறு எதுவோ, அதன் தலைக்கு மேலும் இதே தொய்ந்த உத்தரம்தான் நிற்கிறது. அங்கே முட்டுக்கொடுக்க ஒரு சவுக்குக் கட்டையாவது இருக்குமோ, என்னவோ.

லமீஸ் தரையில் குப்புறப் படுத்தாள். நகர்ந்து நகர்ந்து அலமாரிக்கு அடியில் தலையை விட்டாள். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் கையளவு வட்டமான ஓட்டை. தரை கழுவினால் தண்ணீர் போவதற்கு விட்டது. அதிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஈரமான துடைப்பக் குச்சிகளின் நுனிகள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. தப்பு செய்தவள் முதலில் என்ன சொல்ல வேண்டுமோ, அதுதான் வாயில் வந்தது.

"மன்னிச்சிக்கோங்க. தண்ணிய கொட்டினது நான்தான்."

துடைப்பம் நின்றது.

பிறகு ஒரு குரல் வந்தது. நாள்பட்ட கதவைத் திறப்பது போல வறண்ட குரல்.

"எம் பாயி நனைஞ்சி போச்சு."

பேய் பாயில் படுக்குமா? படுக்கும் போலிருக்கிறது.

"நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?"

"காலைல நாலு இட்லி சாப்ட்டேன். அதனால இருக்கேன்னுதான் நெனைக்கிறேன்."

"யாரு நீங்க?"

"அங்க ஒருத்தரு இருக்காரே, அவரக் கேளு."

"கேட்டேன். எலின்னு சொன்னாரு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம், சிரிப்பாகவும் இருக்கலாம்.

லமீஸுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "உங்க தலைக்கு மேல ஒரு உத்தரம் போவுதா?"

"போவுது."

"தொய்ஞ்சிருக்கா?"

"அது முனகுது. காத்தடிச்சா நல்லாவே கேக்கும். அந்தப் பக்கம்தான் பேயி இருக்குதுன்னு நான் நெனைச்சிட்டேன்."

இத்தனை நேரமும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பயந்திருக்கிறார்கள்.

"இது விழுந்துடாம சரி பண்ணித் தர்றாங்களாம்," என்றாள் லமீஸ். "ஆனா முழு நீளம் தெரியணும். இன்னிக்கே தெரியணும். எங்க அம்மா உள்ள வந்து அளக்கட்டுமா?"

"அந்த வீட்டுலேருந்து யாரும் இங்க வரக் கூடாது. பாகம் பிரிச்சி சுவரு வச்ச அன்னிக்கே அதெல்லாம் முடிஞ்சி போச்சு." குரல் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டது.

லமீஸ் யோசித்தாள். வழக்கமாக அவள் யோசித்தால் ஏதாவது உடையும். இம்முறை எதுவும் உடையவில்லை.

"யாரும் வர வேணாம். டேப்பு மட்டும் வரட்டும்."

அவள் ஊர்ந்து வெளியே வந்து, அம்மாவின் பையிலிருந்து பெரிய மஞ்சள் டேப்பை எடுத்தாள். வட்டில் சுற்றிய நீளமான துணி டேப். அதன் நுனியை ஓட்டைக்குள் நுழைத்து, ஒரு குச்சியால் மெல்லத் தள்ளினாள். கொஞ்சம் போனது. நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

பிறகு அவள் தள்ளாமலேயே அது நகர்ந்தது.

இருட்டுக்குள்ளிருந்து யாரோ இழுத்தார்கள். கையிலிருந்த வட்டு தானாகச் சுழன்றது. மஞ்சள் நாடா நழுவி நழுவி, ஓட்டைக்குள் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய வீடா? கடைசியில் வட்டு நின்றது. வெகு தூரத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அந்தக் குரல் கேட்டது.

"கடைசி சுவத்துல வச்சிப் பிடிச்சிருக்கேன். இன்னா சொல்லணும்?"

"ஜீரோன்னு சொல்லணும்," என்று ஓட்டைக்குள் கத்தினாள் லமீஸ்.

"ஜீரோ."

தன்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள் என்று லமீஸ் ஒப்புக்கொண்டாள். இதுவரை மூக்கும் அரிக்கவில்லை.

இந்தப் பக்கக் கடைசிச் சுவரில் வட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். நாடா எங்கும் மடங்காமல் அவள் ஓட்டையருகில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து அன்பழகன் டீ டம்ளர்களோடு உள்ளே வந்தார்.

"சார், இந்த வட்ட அந்தச் சுவத்துல வச்சி, இழுத்துப் பிடிங்க. நம்பரப் படிங்க."

அவர் டம்ளர்களை வைத்துவிட்டு வட்டை வாங்கினார். நாடா அலமாரிக்கு அடியில் போவதைப் பார்த்தார். "அந்தப் பக்கம் யாரு பிடிச்சிட்டு இருக்கா?"

"யாரும் இல்ல சார். சுவருதான்."

அவர் நாடாவை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். எதிர்ச் சுவர் வரை நடந்தார். வட்டைச் சுவரோடு வைத்து இழுத்தார். அந்தப் பக்கமிருந்தும் யாரோ இழுத்தார்கள். கூடத்தின் குறுக்கே மஞ்சள் நாடா விறைத்து நின்றது.

அம்மா கையில் பென்சிலோடு வாசலில் வந்து நின்றாள். எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு எப்போது கேட்கக்கூடாது என்பது நன்றாகத் தெரியும்.

அன்பழகன் எண்ணைப் படித்தார்.

"சரியாப் பாத்துச் சொல்லுடா அன்பு," என்றது சுவர். "நீ எப்பவும் அவசரக் குடுக்கை."

அவர் குனிந்து மறுபடியும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். ஒரு அடி தப்பாகத்தான் சொல்லியிருந்தார். திருத்திச் சொன்னார்.

"இப்ப சரி," என்றது சுவர்.

அம்மா எழுதிக்கொண்டாள். மேலே உத்தரம் இப்போது படத்தில் முழுதாகப் போய் முடிந்தது. நட்சத்திரத்தின் மீதிப் பாதியையும் புள்ளி வைத்து வரைந்தாள். அளவு எடுத்தாகிவிட்டது. இனி டேப்பை விட்டுவிடலாம். ஆனால் அன்பழகனும் விடவில்லை, அந்தப் பக்கத்தவரும் விடவில்லை.

ஜன்னல் சட்டங்களில் முதல் மழைத்துளிகள் விழத் தொடங்கின.

"சார்," என்றாள் லமீஸ், மெதுவாக. "படத்துல அந்தப் பக்கத்துக்கு ஒரு பேரு எழுதணும். அங்க யாரு இருக்காங்க?"

அன்பழகன் வாயைத் திறந்தார். எலி வரும் என்று லமீஸ் காத்திருந்தாள். காற்று வரலாம். சுவர்கூட வரலாம்.

கையிலிருந்த நாடா லேசாக ஒருமுறை சுண்டியது.

"எங்க அக்கா," என்றார் அவர். "தையல்நாயகி. எங்க அக்கா இருக்காங்க."