பதினான்காம் தளத்தின் இசைவு

லிஃப்டில் ஏறியதும் வேணி, எல்லோரையும்போல, பெயரையும் தளத்தையும் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். கதவோரம் புதிதாகத் திருகியிருந்த இசைவுப் பலகை அவள் முகத்தைப் பதிவுசெய்துகொண்டது. கட்டடமும் லிஃப்டும் கிழடு. பலகைக்கு மட்டும் இன்னும் பிளாஸ்டிக் உறை உரியவில்லை.

ஒரு தளத்தில் இறங்க, அங்கே ஆளிருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ‘வரட்டும்’ என்று ஒரு குரல் வரவேண்டும்; இல்லாவிட்டால் லிஃப்ட் அசையாது. விருந்தாளிகளுக்கென்று வந்த விதி. குடியிருப்போருக்கும் அதுவே என்று சங்கம் முடிவெடுத்தபோது வேணியும் கை தூக்கினாள். படிக்கட்டை அறைகளாக்கி விற்றாயிற்று. மேலே போக வேறு வழியில்லை.

பையில் கணவர் சிவசைலத்தின் மாத்திரைகள். பக்கவாதம் வந்தவரை நேற்றுத்தான் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தாள். அவரைத் தனியே விட்டு வெளியே வந்தது இதுவே முதல் தடவை. இன்று மாத்திரை தவறினால் மூளையில் மறுபடியும் ரத்தம் அடைக்கும் என்றிருந்தார் டாக்டர்.

“எதிர்வீடு மறுக்கிறது” என்றது பலகை. எதிர்வீட்டு ஜெபராஜ் முறுக்கு கடித்தபடி அதில் தெரிந்தார்.

“சார், விளையாடாதீங்க. அவருக்கு மாத்திரை வாங்கப் போனேன்.”

“எம் பொண்ணு ஷைனி வயித்துப் புள்ளையோட கீழ நின்னாளே, அது விளையாட்டா? ‘ஓடிப்போனவ எங்க தளத்துக்கு வேணாம்’னது யாரு?”

வேணிக்குக் காது சூடேறியது. “இப்ப என்ன, கால்ல விழணுமா?”

“எடமிருக்கே, விழுங்க.”

வெளியே வரிசையில் யாரோ சிரித்தார்கள். “சீக்கிரம் விழுந்து எந்திரிங்கக்கா, பால் திரிஞ்சிடும்.”

விழுந்தாள். ரப்பர் விரிப்பில் நெற்றி பட்டபோது அந்த ஆளைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

“வரட்டும்” என்றார் ஜெபராஜ்.

“அடுத்த வீட்டின் இசைவு தேவை” என்றது பலகை. அதில் அவளுடைய கூடமே தெரிந்தது. கட்டிலில் சிவசைலம்.

ஜெபராஜிடம் எப்படிப் பேசுவது என்றே வழியெல்லாம் யோசித்து வந்தவளுக்கு இது தோன்றவேயில்லை.

“என்னங்க, வரட்டும்னு சொல்லுங்க. அது மட்டும் போதும்.”

கோணிய உதடு துடித்தது. “வ்... வ்...”

“சொல் விளங்கவில்லை.”

“யோவ், அது அவரு பொண்டாட்டிய்யா! விடு!” ஜெபராஜ் கத்தினார்.

“ஒரு வீட்டுக்காக இன்னொரு வீடு பேச இயலாது.”

“சார், நீங்களாச்சும் வந்து வாங்கிட்டுப் போய்க் குடுங்க.”

ஜெபராஜின் குரல் இறங்கியது. “கீழ வந்தா, நான் திரும்பி வரவும் அவருதானேம்மா சொல்லணும்?”

வரிசை பொறுமையிழந்தது. “அக்கா, வெளிய நின்னு பேசிக்குங்க. நாங்க போகணும்.”

வேணி எழவில்லை. பலகையில் சிவசைலம் இன்னும் அந்த முதல் எழுத்தோடு போராடிக்கொண்டிருந்தார்.