தொடாமல் எழுதிய நாடி

மதியம் மணி இன்னும் இரண்டுகூட ஆகவில்லை. அம்மாவின் கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் மாலை ஆறு மணி நாடித்துடிப்பை எழுதி முடித்திருந்தார்கள். எழுபத்தாறு. இரவு எட்டு மணிக்கும் எழுபத்தாறு, பத்து மணிக்கும் அதே. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கினாள். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உலகத்தில் வேறு ஆஸ்பத்திரியே கிடைக்கவில்லையா என்று காலையில் தம்பியிடம் கத்தியதே இதற்காகத்தான். இருபத்தாறு வருடங்களுக்கு முன் நர்ஸ் பயிற்சிக்கு வந்தபோது, இதே வார்டில்தான் அவளும் இந்தத் திருட்டு வேலையைக் கற்றுக்கொண்டாள். கைக்கு எட்டாத உயரத்து ஜன்னல்களும், எத்தனை பினாயில் ஊற்றினாலும் அடியில் கிடந்து எழும்பும் ஈரச்சுவர் வாடையும், எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் விட்டுவிட்டுக் கிறீச்சிடுவதும் கொஞ்சமும் மாறவில்லை. அன்றைய வார்டு சிஸ்டருக்கு மாணவிகள் வைத்த பெயர் அவசரம். டாக்டர் வரும்போது அட்டையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவசரம் தோலை உரித்துவிடுவாள். நாற்பது படுக்கைக்கு இரண்டே மாணவிகள். அதனால் வேலைக்கு வந்ததும் யார் கையையும் தொடாமல் நாள் முழுவதற்கும் எழுதிவிடுவார்கள். ஒருநாள் ஜன்னலோரப் பெரியவர் காலையிலேயே இறந்து விறைத்துப்போனார். அட்டையில் அவர் நாடி மாலைவரை துடித்தது. அவள் கையெழுத்து. வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றாள் அவசரம். அவளும் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் பாதி அவசரத்தின் மேல், பாதி தன் மேல். இன்றுவரை அடங்கவில்லை.

மருந்துத் தட்டோடு போன பயிற்சி மாணவியை மறித்தாள்.

"எங்கம்மா கைய நீ தொட்டியா?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "இல்லக்கா. இப்படித்தான் எழுதணும்னு சொல்லியிருக்காங்க."

பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது. யார் கன்னத்தில் என்றுதான் தெரியவில்லை. தானும் அன்று தனக்குச் சொல்லிக்கொண்டது இதே பதில். டாக்டரைக் கூட்டிவரச் சொல்லி அவளை விரட்டிவிட்டு, போர்வையை விலக்கி அம்மாவின் கையை எடுத்தாள்.

சில்லென்றிருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. நகங்கள் நீலம்.

மூக்கருகே புறங்கையை வைத்தாள். காற்று இல்லை. உள்ளே விடச்சொல்லி வாசலில் காவலாளியிடம் அவள் மல்லுக்கட்டிய நேரத்துக்கு முன்பே அம்மா போயிருந்தாள். எத்தனை மரணம் பார்த்தவள், அவளுக்குத் தெரியாதா.

பழக்கதோஷம். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்தாள்.

துடித்தது.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பதினைந்து விநாடிக்குப் பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். பத்தொன்பது. நிமிடத்துக்கு எழுபத்தாறு. கூடவில்லை. குறையவில்லை.

பேனாவை எடுத்து, கட்டம் கட்டமாக அடித்தாள். அட்டை கிழிந்தது. துடிப்பு நிற்கவில்லை. அட்டையைச் சுக்குநூறாக்கினாள். நிற்கவில்லை.

அம்மாவின் முகம் மெதுவாகத் திரும்பியது. உலர்ந்த கண்கள். மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"வலிக்குதுடி. என்னைப் போக விடச் சொல்லு."