மூன்று பேரின் மூச்சு

திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஃபஹீம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, சுவரில் பதித்திருந்த குழாய் வழக்கம்போல மூச்சு விட்டது. குவளையை அடுத்த தொட்டிக்கு நகர்த்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மூச்சு விட வேண்டிய மூன்று பேரும் நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள்.

குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்தான். உள்ளே ஒரு சின்ன மின்விசிறி இருந்தது. அது ஓடினால் காற்று ஒரே சீராக வரும். இது விட்டு விட்டு வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காதவனின் வாய் நாற்றத்தோடு உள்ளங்கையில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது. ஃபஹீம் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

சாரம் பகுதியில் அந்தத் தெருவில் ஃபஹீமைப் போல ஒரு அறிவாளி கிடையாது என்பது ஃபஹீமின் கருத்து. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஏழு வருடம் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி வைத்தவன் அவன். அங்கிருந்த பேராசிரியர்கள் முட்டாள்கள், மாணவர்கள் மாடுகள், அவனை வேலையைவிட்டு அனுப்பிய முதல்வர் இரண்டும் சேர்ந்த பிறவி. வீட்டுக்கு வந்தவன் நடு அறையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான், விளக்குகள் கட்டினான், பன்னிரண்டு தொட்டிகளில் கஞ்சா வளர்த்தான். வார இறுதியில் கடற்கரைக்கு வருகிற வெளியூர்ப் பையன்களுக்கு. அவர்களும் மாடுகள்தான், ஆனால் வாங்குகிற மாடுகள்.

அடைத்த அறையில் செடி செழிக்கக் கரியமில வாயு வேண்டும் என்று படித்திருந்தான். முதலில் தண்ணீர் கேன்களில் சர்க்கரையையும் ஈஸ்டையும் கரைத்துப் புளிக்கவிட்டான். வீடு முழுக்கப் புளித்த கள் வாடை. "என்ன பாய், வீட்ல விசேஷமா? இவ்ளோ சக்கர வாங்குறீங்க" என்று கடைக்காரர் கேட்டார். எறும்பு வந்தது. மனைவி நபீசா, "இது வீடா, சாராயக் கடையா?" என்று கேட்டுவிட்டு சுல்தான்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போனாள். போனவள் வரவில்லை. ஃபஹீமுக்கு எறும்பு மேல்தான் அதிகக் கோபம்.

பிறகுதான் அந்த யோசனை உதித்தது. மனிதன் வெளியே விடுகிற மூச்சிலும் அதே வாயுதானே இருக்கிறது. தூங்குகிற மனிதர்கள் கிடைத்தால் போதும். சர்க்கரை வேண்டாம், எறும்பு வராது.

பின்பக்கத்து அறையைக் குறைந்த வாடகைக்கு விட்டான். குடிவந்த மூன்று பேரில் அம்மாவாசை, வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஏடிஎம் வாசலில் இரவுக் காவல் இருப்பவர். அவர் மனைவி வீராயி தனியார் மருத்துவமனையில் இரவெல்லாம் தரை துடைப்பவள். வீராயியின் தம்பி கொளஞ்சி விடியற்காலை வரை காய்கறி மூட்டை இறக்குபவன். மூன்று பேரும் காலையில் வந்து, இருப்பதைத் தின்றுவிட்டு, மாலை வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள். செடிகளுக்கு விளக்கு எரிவதும் அதே நேரம்தான். அவர்களுடைய ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தான், கொசு வராது என்றான். கதவுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டினான், பூரான் வராது என்றான். நடுச்சுவரில் துளை போட்டுக் குழாயும் விசிறியும் வைத்தான், உங்க ரூம் சூடு வெளியே போகும் என்றான். வீராயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாய் மாதிரி ஒரு மனுசன் கெடையாது" என்று எதிர்வீட்டு பூர்ணிமா தெருவெல்லாம் சொன்னாள். ஃபஹீம் மறுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் செடிகள் நெஞ்சுயரம் வந்துவிட்டன. வீராயி ஒருநாள் வாசலில் வந்து நின்றாள்.

"தூங்கி எழுந்தா தல கல்லாட்டம் கனக்குது பாய். கொளஞ்சி நேத்து மூட்டையோட உழுந்துட்டான்."

ஒரு அட்டை மாத்திரை கொடுத்து அனுப்பினான். இந்த ஜனங்களுக்கு எப்போதும் எங்கேயாவது வலித்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்தான். மாத்திரைக்குக் காசு வாங்காததில் தன் மேல் அவனுக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். "ஊர்ல கூழு ஊத்துறாங்க பாய். பொதங்கெழம காலைல வந்துடுவோம். கொளஞ்சிக்குத்தான் ஒடம்பு முடியல, அதனால அவன…"

"சரி, சரி" என்று கதவைச் சாத்திவிட்டான். மூன்று நாள் காற்றுக்கு என்ன செய்வது என்ற யோசனை அவனுக்கு. சாத்திய கதவுக்கு வெளியே அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால அவன என்ன? கூட்டிக்கொண்டு போகிறோமா? விட்டுவிட்டுப் போகிறோமா?

குழாயின் முன்னால் நின்றபடி ஃபஹீம் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். அது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கதவில் மோதி நின்றது.

கொல்லைப்புறமாகப் போய்ப் பார்த்தான். பின்னறைக் கதவில் பூட்டு தொங்கியது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பகலில் தூங்குகிறவர்கள் வெளியே பூட்டுத் தொங்கவிட்டுத்தான் தூங்குவார்கள், சீட்டுக்காரனும் கேபிள்காரனும் வந்து தட்டக் கூடாது என்று. முன்பெல்லாம் உள்ளே இருப்பவர் ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டி, போகிற வருகிற யாரையாவது திறக்கச் சொல்வார். அந்த ஜன்னலைத்தான் ஃபஹீம் அடைத்துவிட்டானே. அதற்குப் பிறகும் பழக்கம் போகவில்லை. வீராயி தண்ணீர் பிடிக்கப் போனால்கூட ஆண்கள் இருவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். மூன்று நாளைக்கும் அப்படிப் பூட்டிவிட்டுப் போயிருப்பாளா? போகக்கூடியவள்தான் என்று ஃபஹீம் முடிவு செய்தான். அந்த மூளைக்கு அவ்வளவுதான் எட்டும்.

அவள் கைபேசி எண் ஒரு சீட்டில் இருந்தது. தொட்டி ஆடாமலிருக்க அதை மடித்துக் கீழே முட்டுக்கொடுத்திருந்தான். எடுத்துப் பார்த்தபோது ஈரத்தில் கடைசி நான்கு எண்கள் கரைந்து போயிருந்தன.

பூட்டை உடைக்கலாம். சுத்தியலால் மூன்று அடி போதும். ஆனால் பட்டப்பகலில் மூன்று அடி அடித்தால் பத்துப் பேர் வருவார்கள். உடம்பு முடியாதவனைத் தூக்கி வெளியே போட வேண்டும், ஆட்டோ வரும், யாராவது உள்ளே போவார்கள், சுவரில் குழாயைப் பார்ப்பார்கள், குழாய் எங்கே போகிறது என்று கேட்பார்கள். அறுவடைக்கு இன்னும் எட்டே நாள். ஒரு மூட்டை தூக்கிக்காக எட்டு மாத உழைப்பைக் கொடுப்பதா? புதன்கிழமை அவர்களே வந்து திறக்கட்டும். குடத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள். எதையும் தாங்குகிற ஜாதி அது.

செவ்வாய்க்கிழமை மூச்சு மெலிந்திருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டான். விளக்கு வெளிச்சத்தில், பிசுபிசுத்த பூக்களின் காட்டமான வாடைக்கு நடுவே, சட்டை முதுகோடு ஒட்ட, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே தன் மணிக்கட்டில் கடிகார முள் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணினான். ஒன்பது. கொஞ்ச நேரம் கழித்துப் பதினொன்று. விசிறியை நிறுத்திப் பார்த்தான். அப்போதும் வந்தது. குழாயில் வாயை வைத்து, மெதுவாக, "கொளஞ்சி" என்றான்.

மூச்சு நின்றது.

கேட்பதற்காக நிறுத்திய மாதிரி இருந்தது. பிறகு மறுபடி வந்தது, இன்னும் அருகிலிருந்து.

அப்போதுதான் செடிகளைக் கவனித்தான். செடி வெளிச்சத்தைப் பார்த்து வளரும், எந்த முட்டாளுக்கும் தெரியும். பன்னிரண்டு செடிகளும் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாய்ப் பக்கம் சாய்ந்திருந்தன.

அவனுக்குப் பயமாக இருந்தது. பயந்ததில் வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தில்தான் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். பூட்டுக்கு நேரே கையை ஓங்கியும் விட்டான்.

"என்ன பாய், சுத்தியலோட?" பூர்ணிமா துணிக்கூடையோடு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"ஆணி அடிக்கணும்."

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்களே. மூணு பேருமா போயிட்டாங்க?"

ஃபஹீம் சுத்தியலைப் பார்த்தான். பூட்டைப் பார்த்தான்.

"மூணு பேருமே போயிட்டாங்க" என்றான்.

"கொளஞ்சிதான் பாவம், எழுந்து நிக்கவே முடியலன்னு வீராயி சொல்லுச்சு." அவள் மூக்கைச் சுருக்கினாள். "அதென்ன பாய், இந்தப் பக்கம் ஒரு மாதிரி வாட வருது?"

"எலி செத்திருக்கும்."

வீட்டுக்குள் வந்து கதவிடுக்குகளில் இன்னொரு சுற்று நாடா ஒட்டினான். இரவு முன்னறையில் படுத்தான். கண்ணை மூடினால் அது கேட்டது. தலையணையை மாற்றிப் போட்டான். மூணு பேருமே போயிட்டாங்க என்று சொன்னது அவன்தான். இனி அந்த அறையில் யாரும் இருக்கக் கூடாது. இருந்தால் அவன் சொன்னது பொய்யாகிவிடும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போனது. முன்கூட்டியே பேப்பரில் போட்டிருந்தார்கள். ஃபஹீம் பேப்பர் படிப்பதில்லை, அதை எழுதுகிறவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்பதால். நடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டான். ஒரு துளி வெளிச்சம் இல்லை. கைபேசியில் சார்ஜ் இல்லை. தடவிக்கொண்டே போய்க் குழாயருகே தரையில் உட்கார்ந்தான்.

ஒரு மூச்சு வந்தது. நீளமாக.

எண்ணினான். இருபது. முப்பது. அறுபது.

வரவில்லை.

இருநூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினான். முடிந்தது. முதலில் அவனுக்குத் தோன்றியது நிம்மதிதான். அடுத்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். நீங்கதானே பூட்டிட்டுப் போனீங்க? ஒடம்பு முடியாதவன உள்ள வச்சிப் பூட்டுவாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? நன்றாக வந்தது. குரலில் கொஞ்சம் துக்கமும் சேர்த்துக்கொண்டான்.

சந்தில் ஆட்டோ நின்ற சத்தம். செருப்புச் சத்தம். பூட்டு திறந்தது. கதவு திறந்ததும் அந்த அறையின் பகல் வெளிச்சம் குழாய் வழியாக நுழைந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எதிர்ச்சுவரில் விழுந்தது. ஃபஹீம் காதைக் குழாயருகே வைத்து வீராயியின் அலறலுக்குக் காத்திருந்தான்.

"என்னா வெக்கை. பாய உதறிப் போடு கொளஞ்சி" என்றாள் வீராயி.

"நீ போய்த் தண்ணி எடுத்தா க்கா. நான் பாத்துக்குறேன்."

கொளஞ்சியின் குரல். ஊரில் மூன்று நாள் நல்ல காற்றில் இருந்துவிட்டு வந்த தெளிவான குரல்.

ஃபஹீமுக்குக் கோபம் வந்தது. உயிரோடிருந்து தன்னை ஏமாற்றிவிட்டான் என்ற கோபம். இரண்டு ராத்திரி இவனுக்காகத் தூக்கம் கெட்டதே என்ற கோபம். அதற்கு அடுத்த நினைப்பு மெல்லத்தான் வந்தது.

அப்படியானால் அந்த அறையில் யார்?

அந்த அறையில் யாரும் இல்லை. திறந்து பார்த்துவிட்டார்கள். பாய் உதறுகிறார்கள்.

அப்போது மூச்சு கேட்டது.

குழாயிலிருந்து இல்லை.

ஃபஹீம் திரும்பவில்லை. கண்ணை மட்டும் நகர்த்தினான். சுவரில் விழுந்த நாணய வெளிச்சத்தில் இலைகள் மங்கலாகத் தெரிந்தன. செடிகள் இப்போது குழாய்ப் பக்கம் சாய்ந்திருக்கவில்லை. அவன் பக்கமும் இல்லை. அவனுக்கும் கதவுக்கும் நடுவே வெறுந்தரையில் ஒரு இடத்தை நோக்கி, பன்னிரண்டும், சுற்றி நின்று குனிந்திருந்தன. இலைகள் ஆடின. நின்றன. ஆடின.

"அக்கா, இங்க வாயேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கொளஞ்சி சொன்னான். "ஃபேன் ஓடல, நல்லா கேக்குது பாரு. அந்தாண்ட யாரோ மூச்சு உடுறாங்க."

"பாய் படுத்திருப்பாரு."

"இல்ல க்கா. ரெண்டு பேரு மூச்சு."

மூன்று பேரும் காது கொடுத்துக் கேட்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். வீராயி என்று கூப்பிட்டால் ஓடிவருவாள், ஓடிவரக்கூடிய பிறவிதான். வந்தால் கதவை உடைப்பார்கள். உடைத்தால் செடிகளைப் பார்ப்பார்கள். இவர்கள் போய்ப் பார்ப்பதா, இந்த மூன்று பேரா தன்னை… அந்த அரை நிமிடத்திலும் ஃபஹீம் அதைத்தான் யோசித்தான்.

"பாய் ஊட்டம்மா திரும்பி வந்திருக்கும்" என்றாள் வீராயி. "நமக்கெதுக்கு அதெல்லாம். அந்த ஓட்டைய ஒரு துணி வச்சி அடச்சிடுடா. கொசு வரும்."

குழாய்க்குள் துணி நகர்ந்து வரும் சத்தம். சுவரில் நாணயம் பிறையானது.

கத்துவதற்கு வாயைத் திறந்தான். கத்த வேண்டுமானால் மூச்சு விட வேண்டும். விட்டால் எங்கே இருக்கிறான் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

பிறையும் போனது.

ஃபஹீம் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

மற்றது பிடித்துக்கொள்ளவில்லை. வெதுவெதுப்பாக, ஈரமாக, அவன் பிடரியில்.